குழந்தைகளின் கண்: பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

ஒரு கண் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டாக்டர் பார்த்து முடித்ததும் பெற்றோரை என் மேசைக்கு அனுப்புவார்கள். உள்ளே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தவர்கள், இங்கே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மனதில் இருப்பதைக் கேட்பார்கள். 14 வருடமாக அந்தச் சந்தேகங்களைக் கேட்டு வருகிறேன். அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தைக்கு என்ன மருந்து, என்ன அளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதை நான் சொல்ல முடியும்.

"எங்க பையன் நல்லாத்தானே பாக்கறான்? எதுக்கு செக்கப்?"

பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கிற பிள்ளைக்கு அது மங்கல் என்றே தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். அதிலும் ஒரு கண் நன்றாக இருந்துவிட்டால் போதும். ஓடும், ஆடும், தரையில் கிடக்கிற ஊசியைக்கூட எடுத்துக் கொடுக்கும். இன்னொரு கண்ணில் பார்வை இல்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

பிறந்தவுடன் குழந்தை டாக்டர் கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது முதல் சோதனை. அப்புறம் ஒரு வயதுக்குள் ஒரு தடவை, 3 வயதில் ஒரு தடவை, பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை. பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வருடத்துக்கு ஒருமுறை. வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே தடிமனான கண்ணாடி, மாறுகண், கண்புரை, கண் புற்று இருந்திருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் சீக்கிரமே காட்டிவிடுங்கள்.

"ஆனா ஆவன்னாவே தெரியாது. இவளுக்கு எப்படிப் பவர் பாப்பீங்க?"

குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பவர் பார்க்கலாம். ரெட்டினோஸ்கோப் என்று பேனா டார்ச் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒளிக்கீற்றைக் கண்மணியில் ஓட்டும்போது, உள்ளேயிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். கைக்குழந்தைக்குக் கோடு போட்ட அட்டைகளைக் காட்டி, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு வீடு, ஆப்பிள் மாதிரியான படங்கள் போதும்.

இதற்கு முன் கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். பலர் முகம் சுளிப்பது இதற்குத்தான். பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் தசை வலுவானது. உற்றுப் பார்த்தே பவரை மறைத்துவிடும். அதைக் கொஞ்ச நேரம் ஓய்வாக வைத்தால்தான் உண்மையான பவர் தெரியும். மருந்து போட்டபின் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். சில மருந்தில் அது ஒரு நாளில் தீரும். அட்ரோபின் போட்டால் பத்து நாளுக்கு மேலும் இருக்கலாம். முகம் சிவந்து உடம்பு சுட்டால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

"வீட்டுலயே ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா மேடம்?"

முடியும். முதலில் வயதை வைத்துப் பாருங்கள். 2 மாதத்தில் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். 3 மாதத்தில் கிலுகிலுப்பையைச் சத்தம் இல்லாமல் நகர்த்தினாலும் கண் பின்தொடர வேண்டும். 6 மாதத்தில் நீட்டியதைக் கை நீட்டி வாங்க வேண்டும்.

அடுத்து, குழந்தை ஏதாவது பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறையுங்கள். பிறகு மற்றதை. எந்தக் கண்ணை மூடினாலும் பேசாமல் பார்த்தால் நல்லது. ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், மூடாத கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகப்பட வேண்டும். விரலால் மறைக்காதீர்கள், இடுக்கு வழியே பார்த்துவிடும். என் மகளே அப்படிப் பார்த்து ஒரு பள்ளிப் பரிசோதனையில் தேறிவிட்டாள். அவள் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

மற்ற அறிகுறிகள்: தலையைச் சாய்த்தே பார்ப்பது, டிவியோடு ஒட்டிக்கொள்வது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் இறுக்குவது, கண் நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பது. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோக்களையும் பாருங்கள். இரண்டு கண்மணியும் ஒரே மாதிரிச் சிவப்பாகத் தெரிய வேண்டும். ஒன்று வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே எங்களிடம் வாருங்கள்.

"பொறந்ததுல இருந்து ஒரு கண்ணுல தண்ணி வடியுது, பீளை கட்டுது. பாட்டி தாய்ப்பால் விடச் சொல்றாங்க. விடலாமா?"

வேண்டாம். பால் குழந்தையின் வயிற்றுக்குத்தான். கண்ணில் விட்டால் கிருமி வளர இடம் கொடுக்கும்.

கண்ணீர் மூக்குக்குள் வடிகிற குழாயின் கீழ்முனை சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது திறந்திருக்காது. அதனால்தான் வழிகிறது. நகத்தை ஒட்ட வெட்டி, கை கழுவி, சுண்டு விரலால் கண்ணின் உள்மூலையில், மூக்கெலும்பை ஒட்டி அழுத்திக் கீழ்நோக்கி வழித்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. தடவிக்கொடுக்கிற மாதிரி மெல்லச் செய்தால் பயனில்லை, கொஞ்சம் அழுத்தம் வேண்டும். எப்படி என்று நேரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். திறக்காவிட்டால் மெல்லிய கம்பி விட்டு வழி எடுத்துவிடுவார்கள்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் இமை வீங்கிச் சீழ் கொட்டினால் அது வேறு. அவசரம். தண்ணீர் வடிவதோடு வெளிச்சத்தைக் கண்டு குழந்தை கண்ணைத் திறக்கவே மறுத்தால், கீழே "பெரிய கண்" பற்றிய பதிலைப் படியுங்கள்.

"கண்ணுக்கு மை வைக்கலாமா?"

கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம். கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் இருக்கிறது. விரல் நகம் கருவிழியைக் கீறுவதும் உண்டு. மை போட்டால் கண் பெரிதாகாது.

"கண்ணாடி போட ஆரம்பிச்சா பவர் ஏறிக்கிட்டே போகும்னு சொல்றாங்களே. பொன்னாங்கண்ணி குடுத்தா சரியாகாதா?"

செருப்பு போட்டதால் கால் வளர்ந்தது என்று யாராவது சொல்வோமா? கண்ணும் வளர்கிறது. பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர்; பெரியவர்களுக்கு 23, 24. அது தேவைக்கு மேல் 1 மில்லிமீட்டர் நீண்டாலே மைனஸ் இரண்டரை, மூன்று பவர் வந்துவிடும். பிள்ளை வளரும் வயதில் கண்ணும் நீள்வதால்தான் பவர் ஏறுகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தால் அது நிற்காது, பிள்ளைக்குக் கரும்பலகைதான் தெரியாமல் போகும்.

பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட், முட்டை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் வரும் மாலைக்கண்ணையும், கருவிழி உலர்ந்து கெடுவதையும் இவை தடுக்கும். அரசு சுகாதார நிலையத்தில் 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், அதன்பின் 2 லட்சம் வீதம் 5 வயது வரை வைட்டமின் ஏ திரவம் கொடுப்பதும் இதற்காகத்தான். அதைத் தவறவிடாதீர்கள். ஆனால் நீண்டுபோன கண்ணை எந்தக் கீரையாலும் சுருக்க முடியாது.

"போன் பாத்துத்தான் கண்ணு கெட்டுப்போச்சா?"

போனிலிருந்து வருகிற வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடுவதில்லை. பிள்ளை அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பதும், அந்த நேரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதும்தான் பிரச்சினை. பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவதும் ஒரு வைத்தியம் என்றே நான் சொல்வேன்.

2 வயதுக்குள் போன் வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் 5 வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். சோறு ஊட்டப் போனைக் கொடுக்கிற பழக்கத்தை விட முதல் நான்கு நாள்தான் கஷ்டம். பவர் வேகமாக ஏறும் பிள்ளைகளுக்கு, கண் நீள்வதை மெதுவாக்கக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும் தனிவகைக் கண்ணாடிகளும் இப்போது இருக்கின்றன. அவை எல்லோருக்கும் தேவைப்படாது, டாக்டரிடம் கேளுங்கள். பவரை எடுத்துவிடும் லேசர் சிகிச்சை 18 வயதுக்கு மேல், பவர் நிலையாக நின்ற பிறகுதான்.

"மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்தானே? வளர வளரச் சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க."

இந்த அதிர்ஷ்டத்தால் ஒரு கண் பார்வையை இழந்த பிள்ளைகள் நிறைய பேரைப் பார்த்துவிட்டேன். கோபம் வருகிறது, ஆனால் அந்தப் பாட்டிகள் மேல் இல்லை. அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் கைக்குழந்தையின் கண் அவ்வப்போது விலகும், அது இயல்பு. அதற்குப் பிறகும் விலகினாலோ, எந்த வயதிலும் எப்போதுமே ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாலோ காட்டியாக வேண்டும்.

மூக்குத்தண்டு அகலமாக, தட்டையாக இருக்கிற குழந்தைக்கு மாறுகண் போல ஒரு தோற்றம் வரும். டார்ச் அடித்தால் இரண்டு கண்மணியிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழும். அது உண்மையான மாறுகண் இல்லை, வளர்ந்தால் மறைந்துவிடும். "சரியாயிடும்" என்ற பேச்சு இதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

உண்மையான மாறுகண் எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் கிடையாது. பிளஸ் பவர் அதிகமாக இருந்து உள்பக்கம் திரும்பும் கண், பலருக்குக் கண்ணாடி போட்டாலே நேராகிவிடும். சில பெற்றோர் கண்ணாடி மாட்டிய நிமிடமே பார்த்துவிட்டு அழுதிருக்கிறார்கள்.

"சோம்பேறிக் கண்ணுன்னா என்ன? கண்ணு நல்லா இருக்கு, ஆனா பார்வை இல்லைன்னு சொல்றாங்க, புரியலை."

இரண்டு கண்ணும் அனுப்புவதை மூளைதான் சேர்த்துப் படமாக்குகிறது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம், அல்லது மாறுகண், அல்லது புரை என்றால் அந்தப் பக்கத்துப் படம் மங்கலாகவோ விலகியோ வரும். மூளை அதை ஒதுக்கிவிடும். ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் கண்ணோடு பேசவே மறந்துபோகும். அப்புறம் கண்ணாடி போட்டுத் தெளிவான படத்தை அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தெரியாது.

என் மகளுக்கு ஆறரை வயதில் தெரிந்தது. கண்ணாமூச்சி விளையாடும்போது துண்டு நழுவி வலது கண்ணை மட்டும் மறைத்திருந்தது. இடது கண் முழுக்கத் திறந்திருந்தது. அப்படியும் நேராகப் போய்க் கதவில் முட்டினாள். "ஒரு கண்ணு தெரியுதே, ஏன்டி முட்டினே?" என்றேன். "அந்தக் கண்ணு பாக்காதும்மா" என்று சாதாரணமாகச் சொன்னாள். இடது கண்ணில் பிளஸ் நாலரை பவர். அதுவரை அவள் எந்தக் குறையும் சொன்னதில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

சிகிச்சை சிக்கலானது இல்லை. முதலில் சரியான கண்ணாடி. அதிலேயே சில பிள்ளைகளுக்குப் பல வாரங்களில் பார்வை ஏறும். போதாவிட்டால் நல்ல கண்ணைப் பேட்ச் போட்டு மூடி, ஒதுக்கப்பட்ட கண்ணை வேலை வாங்குவார்கள். நடுத்தரக் குறைபாட்டுக்கு நாளைக்கு 2 மணி நேரம் போதும், கடுமையாக இருந்தால் 6 மணி நேரம் வரை. 7 வயதுக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். "வயசு தாண்டிடுச்சு" என்று யாராவது சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அதற்கு மேலும், பதின்மூன்று பதினான்கு வயதில்கூடச் சிலருக்கு முன்னேறுகிறது. என் மகளுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

"பேட்ச் ஒட்டினா பிச்சு எறியறான். அடிச்சாத்தான் கேக்கறான்."

அடிக்காதீர்கள். நன்றாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டு, தெரியாத கண்ணால் பார் என்கிறோம். அது அவனுக்கு இருட்டில் விட்ட மாதிரிதான். முதலில் அரை மணி நேரத்தில் தொடங்குங்கள். அவனுக்குப் பிடித்த ஒன்றை அந்த நேரத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது கோலம். புள்ளிக் கோல நோட்டில் பேட்ச் நேரத்தில் மட்டும்தான் வரையலாம் என்று வைத்தேன். முதல் வாரம் கோடு புள்ளியை விட்டு எங்கோ போகும். மூன்றாவது மாத நோட்டில் புள்ளிகளைச் சுற்றி வளைந்து வந்தது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேட்சைக் கண்ணாடி மேல் ஒட்டாதீர்கள், ஓரமாக எட்டிப் பார்ப்பான், தோலோடு ஒட்டுங்கள். எப்படியும் முடியவில்லை என்றால், நல்ல கண்ணில் வாரக் கடைசியில் அட்ரோபின் விட்டு மங்கலாக்கும் முறையும் இருக்கிறது. டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பேட்ச் போட்டதாகப் பொய் சொன்னால், சிகிச்சை பலிக்கவில்லை என்று அவர் தவறாக முடிவெடுத்துவிடுவார்.

"மாறுகண் ஆபரேஷன்ல கண்ணை வெளியே எடுத்துத் திருப்பி வைப்பாங்களாமே?"

இல்லவே இல்லை. வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். கண்ணை அசைக்க ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்பக்கம் ஆறு தசைகள் இருக்கின்றன. மேலே இருக்கும் மெல்லிய சவ்வைத் திறந்து, ஒரு தசையை இறுக்குவார்கள், இன்னொன்றைத் தளர்த்துவார்கள். கண் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆபரேஷன் கண்ணை நேராக்கும். சோம்பேறிக் கண் இருந்தால் அதற்குக் கண்ணாடியும் பேட்சும் அப்புறமும் தொடரும்.

"மயக்க மருந்து குடுத்தா மூளை மந்தமாயிடுமா?"

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஒரு தடவை மயக்கத்தால், கைக்குழந்தைகளின் பிற்கால அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் பக்கத்திலேயே இருப்பார்.

உண்மையான ஆபத்து வெறும் வயிறு விஷயத்தில் இருக்கிறது. திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். அழுகிறதே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட் கொடுத்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம், ஆபரேஷனை வேறு நாளுக்கு மாற்றுவோம்.

"கண் அரிப்புக்கு மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து வாங்கினோம், போட்டா உடனே நல்லாயிடுது. அதையே போடலாமா?"

அந்தப் பாட்டிலை எடுத்துவந்து காட்டுங்கள். போட்ட உடனே சிவப்பும் அரிப்பும் மாயமாக மறைந்தால் அநேகமாக அதில் ஸ்டீராய்டு இருக்கும். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, வெயில் காலத்தில் வரும் ஒவ்வாமை வருடக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு தடவையும் பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கிப் போட்டால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெடும். கண்புரையும் வரும். வலி இருக்காது, பிள்ளைக்குத் தெரியாது. பத்தாவது படிக்கும் ஒரு பையன் இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை போன பிறகு வந்தான். அவன் அப்பா கையில் இருந்த பாட்டில் 40 ரூபாய்கூட இருக்காது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. டாக்டர் அளந்து கொடுக்கிற நாள்களுக்கு மட்டும், கண் அழுத்தம் பார்த்துக்கொண்டே போட வேண்டும். அரிப்புக்கு வீட்டில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒத்தடமாக வைக்கலாம். கசக்க விடாதீர்கள்; கசக்கிக் கசக்கிக் கருவிழி கூம்பிப்போகும்.

மெட்ராஸ் ஐ வேறு. அது தொற்று, ஓரிரு வாரத்தில் தானே போகும். பார்த்தால் ஒட்டாது, கை, துண்டு, தலையணை வழியாக ஒட்டும். அதற்கும் இந்த மருந்து வேண்டாம்.

"எட்டு மாசத்துல பொறந்து பெட்டியில வச்சிருந்தாங்க. இப்ப நல்லாயிருக்கான். கண்ணைக் காட்டணுமா?"

கட்டாயம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் (கண்ணின் பின்பக்கம் படம் விழும் திரை) ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். ஆர்.ஓ.பி. என்று ஃபைலில் எழுதியிருப்பது இதுதான். 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், 2 கிலோவுக்குக் குறைவானவர்கள், நீண்ட நாள் ஆக்சிஜனில் இருந்தவர்கள் எல்லோரையும் பிறந்த 30 நாளுக்குள் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே.

வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாக, தெளிவாக இருக்கும். குழந்தை தேறிவிட்டது, வீட்டுக்கு வந்தாயிற்று, தீட்டு கழிந்ததும் போகலாம் என்று நினைப்பதுதான் இதில் மோசமாக முடிகிறது. தேவையான குழந்தைக்கு லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்றால் அடுத்த வாரமே வர வேண்டும். ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன என்று சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. பிறகும் வருடா வருடம் பவர் பார்க்க வேண்டும்.

"போட்டோவுல கண்ணு பூனைக்கண் மாதிரி வெள்ளையா மின்னுது. அழகாத்தானே இருக்கு?"

உடனே வாருங்கள். சில சமயம் கேமரா பிடித்த கோணத்தாலும் அப்படித் தெரியும், அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். மற்றபடி முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று பிறவிக் கண்புரை. கர்ப்பத்தில் அம்மாவுக்கு வந்த ருபெல்லா என்ற வைரஸ் காய்ச்சல், மரபு, உடல் ரசாயனக் கோளாறு என்று பல வழியில் வரும். ருபெல்லாவைத் தடுக்கும் எம்.ஆர். தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. புரை ஒரு கண்ணில் என்றால் 6 வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் என்றால் 8 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. "ஒரு வயசு ஆகட்டும்" என்று காத்திருந்தால் புரையை எடுத்தாலும் மூளை அந்தக் கண்ணை ஏற்காது; காரணம் சோம்பேறிக் கண் பதிலில் சொன்னதுதான். சின்னக் குழந்தைக்கு உடனே கண்ணுக்குள் லென்ஸ் வைக்காமல் கான்டாக்ட் லென்ஸோ தடிமனான கண்ணாடியோ கொடுப்பார்கள்.

இரண்டாவது ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரையில் வரும் புற்றுநோய். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் 5 வயதுக்குள். கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளின் உயிரையும் காப்பாற்றலாம். லேசர், உறைய வைக்கும் சிகிச்சை, கீமோ என்று கண்ணையும் பார்வையையும் காக்கவும் வழிகள் இருக்கின்றன.

"கண்ணை எடுக்கணும்னு சொல்றாங்க. எப்படிம்மா சம்மதிக்கிறது?"

இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருப்பேன்.

கட்டி கண் முழுக்கப் பரவி, அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது என்ற நிலையில்தான் டாக்டர் அப்படிச் சொல்வார். அதை விட்டுவைத்தால் நரம்பு வழியாக மூளைக்குப் போகும். ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம், நாட்டு மருந்து பார்க்கிறோம் என்று போய் மூன்று மாதம் கழித்து வந்தவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. தயவுசெய்து இன்னொரு பெரிய மருத்துவமனையில் கருத்துக் கேளுங்கள், ஆனால் அதை இந்த வாரமே கேளுங்கள்.

கண் எடுத்த இடத்தில் ஒரு உருண்டையைப் பொருத்தி, ஆறிய பிறகு மற்றக் கண்ணின் நிறத்துக்கே செயற்கைக் கண் செய்து தருவார்கள். வளர வளர மாற்ற வேண்டும். ஒரு கண்ணோடு பிள்ளை படிக்கும், சைக்கிள் ஓட்டும். மற்றக் கண்ணைப் பல வருடம் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். இந்த நோய் சிலருக்கு மரபில் வருவதால் கூடப் பிறந்தவர்களையும் அன்றே காட்டுங்கள்.

"குழந்தைக்கு மான்குட்டி மாதிரி பெரிய கண்ணுன்னு எல்லாரும் கண்ணு போடறாங்க. அதையும் நோய்னு சொல்வீங்களா?"

வெறும் பெரிய கண் என்றால் சந்தோஷம். பெரிய கண், நிற்காமல் தண்ணீர், வெளிச்சத்தில் திறக்க முடியாத கூச்சம், கருவிழியில் லேசான நீல மங்கல் இவை சேர்ந்து வந்தால் பிறவிக் கண் அழுத்த நோய். குழந்தையின் கண் இளசு. உள்ளே அழுத்தம் ஏறினால் பலூன் மாதிரி பெருக்கும். சொட்டு மருந்து தற்காலிகத் துணைதான், பெரும்பாலும் ஆபரேஷன் தேவை. பிறகும் ஆயுள் முழுக்க அழுத்தம் பார்க்க வேண்டும்.

"மாமா பொண்ணைக் கட்டினதாலதான் இப்படியா?"

சில நோய்களில் அதற்குப் பங்கு உண்டு. பிறவிக் கண் அழுத்த நோயும், இரவில் பார்வை குறைந்து பிறகு ஓரப்பார்வையும் சுருங்கும் சில விழித்திரை நோய்களும், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால் வருகின்றன. சொந்தத்தில் கட்டினால் அது நடக்க வாய்ப்பு கூடுகிறது. ஆனால் சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோரின் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சொந்தமே இல்லாதவர்களுக்கும் இந்த நோய்கள் வருகின்றன. நடந்த கல்யாணத்தைப் பேசி அந்தப் பெண்ணை நோகடிப்பதில் எந்தக் குழந்தைக்கும் பார்வை வராது. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள், பிறந்ததும் கண்ணைக் காட்டுங்கள்.

"வெத்தலைச் சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சிடுச்சு. கழுவினா இன்னும் எரியாதா?"

எரிந்தாலும் கழுவ வேண்டும். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன், அந்த நிமிடமே. குழாயடியில் தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து 20, 30 நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். ஒட்டியிருக்கும் துகளை ஈரத்துணியின் நுனியால் எடுங்கள். எண்ணெய், பால், தேன் எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு கருவிழியை அரித்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஆஸ்பத்திரி வரை பொறுக்காது. பாக்கெட் சுண்ணாம்பைப் பிள்ளை கையில் பிதுக்கினால் நேராகக் கண்ணில்தான் தெறிக்கும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை உயரத்தில் வையுங்கள்.

பென்சில், காம்பஸ், விளக்குமாற்றுக் குச்சி அம்பு, தீபாவளிப் பட்டாசு என்று குத்திய காயத்துக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். கழுவாதீர்கள், கசக்காதீர்கள், மருந்து விடாதீர்கள். காகிதக் கப்பின் அடிப்பாகத்தைக் கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டி, சாப்பிட எதுவும் கொடுக்காமல் நேராகக் கொண்டுவாருங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், வெறும் வயிறு ஏன் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

"கண்ணு டெஸ்ட் எல்லாம் நார்மல்ங்கறாங்க. ஆனா ஒரு வயசாகியும் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறா. யார்தான் சொல்றது உண்மை?"

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பிறந்ததும் அழவில்லை, மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை, வலிப்பு வந்தது என்ற வரலாறு உள்ள குழந்தைகளில் கண் நன்றாக இருந்தும் மூளையின் பார்வைப் பகுதி அடிபட்டிருக்கும். ஒரு நாள் பார்க்கிற மாதிரி இருக்கும், மறுநாள் பார்க்காது. அசையும் பொருளைப் பார்க்கும், நிற்பதைப் பார்க்காது. விளக்கையே வெறித்துப் பார்க்கும்.

இதற்குக் கண்ணாடியும் ஆபரேஷனும் நேரடி மருந்து இல்லை; பவர் இருந்தால் மட்டும் கண்ணாடி தேவைப்படும். பார்வைப் பயிற்சிதான் வழி. இருட்டான அறை, பின்னால் கறுப்புத் துணி, ஒரே ஒரு பளிச்சென்ற பொருள். ஒரு அம்மா மஞ்சள் பிளாஸ்டிக் டம்ளரை மெல்ல ஆட்டிக்காட்டி, பேசாமல் காத்திருப்பார். குழந்தை திரும்ப ஒரு நிமிடம்கூட ஆகும். நான்கு மாதம் கழித்து அதே டம்ளரைக் காட்டினால் உடனே திரும்பியது, எட்டு மாதத்தில் கையை நீட்டியது. முன்னேற்றம் மெதுவாக வரும், ஆனால் பல குழந்தைகளுக்கு வருகிறது. நரம்பியல் டாக்டரும் பிசியோதெரபியும் கூடவே வேண்டும்.

"இதுக்கெல்லாம் எங்ககிட்ட காசு இல்லை. எங்க போறது, வரும்போது என்ன கொண்டுவரணும்?"

காசு இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போனால் பிறவிக் கண்புரை, மாறுகண், ஆர்.ஓ.பி. போன்றவற்றுக்கு இலவச சிகிச்சைக்கு வழி செய்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை சென்னை எழும்பூரில் இருக்கிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவும், வசதி இல்லாதவர்களுக்கு இலவச சிகிச்சையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய கண்ணாடி, இதுவரை போட்ட எல்லா மருந்துப் பாட்டிலும் (காலியானதும் சேர்த்து), வெள்ளையாக மின்னிய போட்டோ இருக்கும் போன், இவ்வளவும் வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரம் முன்பு பால் கொடுத்துவிடுங்கள், சோதனைக்குச் சற்று முன் கொடுத்தால் வாந்தி எடுக்கும். கண்மணி விரிய நேரம் ஆகும் என்பதால் அரை நாளாவது ஒதுக்கி வாருங்கள். திரும்பிப் போக வெயிலுக்கு ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.